லோடு ஏறி இறங்கும் ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் ஆகும்?

கேள்வி இதுதான். 100 கேவிஏ, அதாவது பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்து 80 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்று நாள் முழுக்க ஓடுகிறது (பவர் ஃபேக்டர் என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன்). லோடு ஒரே அளவில் நிற்பதில்லை. பகலில் 70 கிலோவாட் வரை ஏறுகிறது, ராத்திரியில் 8-க்கு இறங்கிவிடுகிறது. தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டில் கால், அரை, முக்கால், முழு லோடுக்கு மணிக்கு எத்தனை லிட்டர் என்று நான்கு எண்கள்தான் இருக்கின்றன. இதை வைத்து ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நிமிடத்தில் எவ்வளவு லோடு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு எண்கள் போதும்: ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, அந்த நேரத்தில் மொத்தம் எத்தனை யூனிட் மின்சாரம் கொடுத்தது (ஒரு கிலோவாட் லோடு ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). லோடு எப்படி ஆடினாலும் சரி, இந்த இரண்டும் சரியாக இருந்தால் டீசல் கணக்கு சில சதவீதத்துக்குள் வந்து நிற்கும். ஏன் அப்படி, எங்கே அது பொய்த்துப் போகும் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஜெனரேட்டர் எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடுகிறது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் 1500 சுற்றுதான். பிஸ்டன் உரசுகிறது, ஆயில் பம்ப்பும் தண்ணீர் பம்ப்பும் சுற்றுகின்றன, ரேடியேட்டர் ஃபேன் காற்றைத் தள்ளுகிறது, மின்சாரம் தயாரிக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரின் ரோட்டார் சும்மா சுழல்வதற்கும் சக்தி வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு டீசல் என்று தின்றுகொண்டே இருக்கும். இது வீட்டு வாடகை மாதிரி. வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். இதை நான் மணிச்செலவு என்று சொல்வேன்.

இதற்கு மேல் லோடு ஏறும்போது, எஞ்சின் வேகம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னர் என்ற பாகம் அதற்குத் தக்கபடி டீசலைக் கூட்டுகிறது. இப்படிக் கூடுதலாகப் போகிற டீசலில் ஒவ்வொரு சொட்டும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்கிறது. உரசலுக்கு வேண்டியதை முதலிலேயே கொடுத்தாகிவிட்டதால், இது முழுக்க மின்சாரமாக மாறும் வேலைக்கே போகிறது. இது யூனிட் செலவு.

ஆக, கிடைமட்டக் கோட்டில் கிலோவாட்டையும் செங்குத்துக் கோட்டில் மணிக்கு எத்தனை லிட்டர் என்பதையும் வைத்து வரைந்தால் நேர்கோடு வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின்களை அளந்து பார்த்த பீட்டர் வில்லன்ஸ் என்ற பிரிட்டிஷ் எஞ்சினியரின் பெயரால் இதற்கு வில்லன்ஸ் கோடு என்று பெயர். அவர் அளந்தது நீராவியை. டீசல் எஞ்சினுக்கும் அது அழகாகப் பொருந்துகிறது.

இப்போது உங்கள் டேட்டா ஷீட்டுக்கு வருவோம். 80 கிலோவாட் ஜெனரேட்டருக்கு இப்படி எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 20 கிலோவாட்டில் மணிக்கு 7.2 லிட்டர், 40-ல் 12.0, 60-ல் 16.8, 80-ல் 22.0. கால் லோடிலிருந்து முக்கால் லோடுக்குப் போகும்போது 40 கிலோவாட் கூடுகிறது, டீசல் 9.6 லிட்டர் கூடுகிறது. 9.6-ஐ 40-ஆல் வகுத்தால் 0.24. அதுதான் யூனிட் செலவு: யூனிட்டுக்கு 0.24 லிட்டர். 20 கிலோவாட்டுக்கு யூனிட் செலவு 4.8 லிட்டர், ஷீட்டில் இருப்பது 7.2. மிச்சம் 2.4. அதுதான் மணிச்செலவு: லோடே இல்லாமல் ஓடினாலும் மணிக்கு 2.4 லிட்டர்.

சூத்திரம் இவ்வளவுதான்:

டீசல் (லிட்டர்) = 2.4 × ஓடிய மணி + 0.24 × கொடுத்த யூனிட்

முழு லோடில் இது 21.6 என்று சொல்கிறது, ஷீட் 22.0 என்கிறது. உச்சியில் கோடு கொஞ்சம் மேல்நோக்கி வளைகிறது. சிலிண்டருக்குள் போகும் காற்றுக்கு ஒப்பிட்டால் டீசல் அதிகமாகிவிடுவதால் கடைசிச் சொட்டுகள் தாமதமாக எரிகின்றன. ஆல்டர்னேட்டர் கம்பிச்சுருளில் வீணாகும் வெப்பமும் கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடுகிறது. ஜெனரேட்டர் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேலேயே ஓடுகிறது என்றால் முழு லோடு எண்ணையும் சேர்த்துக் கோடு போடுங்கள். இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2 மணி நேரம் 70 கிலோவாட், 6 மணி நேரம் 45, 10 மணி நேரம் 12, 6 மணி நேரம் 8. மொத்தம் 24 மணி நேரம், 578 யூனிட். சூத்திரத்தில் போட்டால் 57.6 + 138.7, அதாவது 196 லிட்டர். சந்தேகமிருந்தால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்: 38.4, 79.2, 52.8, 25.9. கூட்டினால் அதே 196. நேர்கோடு என்பதால்தான் இந்த வசதி. ஏற்ற இறக்கம் எல்லாம் மொத்த யூனிட்டுக்குள் தானாகவே கரைந்துவிடுகிறது.

இப்போது வழக்கமாகப் போடும் கணக்குகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். முழு லோடு எண்ணை மணியால் பெருக்குகிறவர்களுக்கு 528 லிட்டர் வரும். "சராசரியாக முக்கால் லோடு என்று வைத்துக்கொள்வோம்" என்கிறவர்களுக்கு 403. இந்த இரண்டும் அதிகம் காட்டுவதால் டீசல் தீர்ந்துபோய் நிற்கும் ஆபத்து இல்லை. பணம்தான் தேவையில்லாமல் முடங்கும். ஆபத்தானது மூன்றாவது வகை. முழு லோடில் யூனிட்டுக்கு 0.275 லிட்டர் ஆகிறது என்று கண்டுபிடித்து, அதை மொத்த யூனிட்டால் பெருக்குவது. 159 லிட்டர் வரும். பார்ப்பதற்குக் கச்சிதமான கணக்கு, ஆனால் நாளொன்றுக்கு 37 லிட்டர் குறைவு. விடியற்காலையில் டேங்க் காலியாகும்போதுதான் தெரியும்.

இந்த மூன்றாவது தப்பு டீசலோடு நிற்பதில்லை. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

ஒருமுறை ஒரு 62.5 கேவிஏ ஜெனரேட்டரைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எஞ்சினில் கோளாறு ஏதும் இல்லை. ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டர் டீசல் திருடுகிறார் என்று அலுவலகத்தில் முடிவுகட்டியிருந்தார்கள். எவ்வளவு என்று உறுதிப்படுத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் கணக்கு இப்படி: முழு லோடில் யூனிட்டுக்கு 0.32 லிட்டர். ராத்திரி 10 மணி நேரத்தில் மீட்டர் 60 யூனிட் காட்டுகிறது. அப்படியானால் 19 லிட்டர் ஆக வேண்டும். டேங்கில் குறைவதோ 41. தினமும் 22 லிட்டர் எங்கே போகிறது?

அந்த ஆபரேட்டருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மணிக்கும் ஆயில் பிரஷர், தண்ணீர்ச் சூடு, மூன்று ஃபேஸ் கரண்ட், மீட்டர் ரீடிங் எல்லாம் பென்சிலில் வரிசையாக இருந்தன. ஒரு மணி நேரம்கூட விட்டுப்போகவில்லை. திருடுகிறவர் இவ்வளவு சிரத்தையாக எழுதமாட்டார் என்று தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து ஒரு மனிதரைக் காப்பாற்ற முடியாது. அளந்துதான் காட்ட வேண்டும்.

டேங்கில் குச்சி விட்டு அளப்பது அதற்குப் போதாது. டேங்க் 120 சென்டிமீட்டர் நீளம், 80 அகலம்; ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 9.6 லிட்டர். குச்சியில் ஈரக்கோட்டை இரண்டு மில்லிமீட்டர் தப்பாகப் படித்தாலே ஏறக்குறைய 2 லிட்டர் பிசகும். அதனால் வேறு வழியில் செய்தோம். டேங்கை வாய்க்கழுத்து வரைக்கும் நிரப்பி, கழுத்தின் உட்புறத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டோம். டீசல் ஊற்றினால் நுரைக்கும். பத்து நிமிடம் விட்டு, நுரை அடங்கிய பிறகு கீறல் வரைக்கும் சரிபண்ணினோம். அப்புறம் 4 மணி நேரம் வழக்கமான குறைந்த லோடு. நிறுத்திவிட்டு, அளவு கேனால் மறுபடியும் அதே கீறல் வரைக்கும் ஊற்றினோம். கழுத்து குறுகலாக இருப்பதால் கால் லிட்டர் வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும். 40 யூனிட்டுக்கு 20.8 லிட்டர் போனது. மறுநாள் அதே 4 மணி நேரம், பெரிய மோட்டார்களையும் போட்டுவிட்டு: 120 யூனிட், 42.4 லிட்டர்.

இரண்டு தடவையும் மணி ஒன்றுதான் என்பதால் மணிச்செலவு கழிந்துவிடுகிறது. 80 யூனிட் கூடியதற்கு 21.6 லிட்டர் கூடியிருக்கிறது, யூனிட்டுக்கு 0.27. முதல் ஓட்டத்தில் 40 யூனிட்டுக்கு 10.8 லிட்டர் போக, மிச்சம் 10 லிட்டர் 4 மணி நேரத்துக்கு, மணிக்கு 2.5. இதை ராத்திரி ஷிஃப்டுக்குப் போட்டால் 2.5 × 10 + 0.27 × 60 = 41.2 லிட்டர். டேங்கில் குறைந்ததும் 41. ஒரு சொட்டு டீசலும் எங்கும் போகவில்லை. 50 கிலோவாட் எஞ்சினை 6 கிலோவாட்டுக்காக ராத்திரி முழுக்க ஓட்டியதன் விலை அது.

ஆபரேட்டர் அந்தக் கணக்குத் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஜெனரேட்டர் வைத்திருக்கிற யாராக இருந்தாலும், ஒருவரைச் சந்தேகப்படுவதற்கு முன் மணிச்செலவைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டேட்டா ஷீட்டே இல்லாத பழைய ஜெனரேட்டர் என்றால் என்ன செய்வது? மேலே சொன்ன இரண்டு ஓட்டச் சோதனைதான் சிறந்தது. அதற்கும் வழியில்லை என்றால் பொது எண்கள் இருக்கின்றன. காற்றாலையையும் டீசலையும் இணைத்து ஓட்டும் நிலையங்களைப் பற்றி 1989-ல் ஸ்கார்ஸ்டைன், ஊலன் ஆகிய இருவர் எழுதிய ஆய்விலிருந்து வந்த எண்களைப் பலரும் எடுத்தாள்கிறார்கள்: யூனிட் செலவு 0.246 லிட்டர், மணிச்செலவு, ஜெனரேட்டரின் ஒவ்வொரு கிலோவாட் திறனுக்கும் 0.08415 லிட்டர். யூனிட் செலவைப் பொறுத்தவரை இது இன்றும் நன்றாகவே நிற்கிறது. ஆனால் மணிச்செலவை அப்படியே எடுக்காதீர்கள். நாம் பார்த்த 80 கிலோவாட் ஜெனரேட்டருக்கு இது மணிக்கு 6.7 லிட்டர் என்று சொல்லும். ஷீட் சொல்வது 2.4. அரை லோடில் 12 லிட்டர் ஆக வேண்டிய இடத்தில் 16.6 காட்டும். சிறிய, பழைய எஞ்சின்களில் மணிச்செலவு கூடுதலாகத்தான் இருக்கும். டர்போ வைத்த நடுத்தர எஞ்சின்களில் அது ரொம்பக் குறைவு. என் அனுபவத்தில் ஒரு கிலோவாட் திறனுக்கு 0.03 முதல் 0.05 லிட்டர் என்று எடுத்தால் பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனாலும் அளந்த எண்ணுக்கு ஈடு இல்லை.

கிடைத்த எண் நம்பத்தக்கதா என்று சோதிக்க ஒரு சுலபமான வழி. ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 10 யூனிட்டுக்குச் சமம். அதில் நல்ல லோடில் ஓடும் நடுத்தர ஜெனரேட்டர் மூன்றரை யூனிட் வரை மின்சாரமாகத் தருகிறது. மிச்சம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போகிறது. இந்த அளவு ஜெனரேட்டர் லிட்டருக்கு 5 யூனிட் தருகிறது என்று யாராவது சொன்னால், மீட்டரோ டீசல் அளவோ தப்பு. லிட்டருக்கு 2 யூனிட்தான் வருகிறது என்றால் உடனே எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். முதலில் லோடைப் பாருங்கள். நம் 80 கிலோவாட் ஜெனரேட்டரே 8 கிலோவாட்டில் ஓடும்போது லிட்டருக்கு 1.85 யூனிட்தான் தரும். அது எஞ்சினின் நோயல்ல.

டேட்டா ஷீட்டைப் படிக்கும்போது சில இடங்களில் கால் இடறும். சில ஷீட்டுகளில் லிட்டர் இருக்காது, கிலோவாட்-மணிக்கு இத்தனை கிராம் என்று எஞ்சின் ஷாஃப்ட்டில் கிடைக்கும் சக்திக்குக் கொடுத்திருப்பார்கள். 210 கிராம் என்றிருந்தால், டீசல் லிட்டருக்கு 840 கிராம் என்று வகுத்து 0.25 லிட்டர். அது ஆல்டர்னேட்டருக்கு முந்தைய கணக்கு. ஆல்டர்னேட்டர் 92 சதவீதம் என்றால் மீட்டரில் வரும் யூனிட்டுக்கு 0.27. இந்த வகுத்தலை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ரேடியேட்டர் ஃபேன் சேர்த்த எண்ணா சேர்க்காத எண்ணா என்பதையும் பாருங்கள். ஃபேன் எஞ்சின் சக்தியில் சில சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், அதுவும் லோடு குறைந்தாலும் குறையாமல். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே ஷீட்டில் இரண்டு பத்திகள் இருக்கும். 60 ஹெர்ட்ஸில் எஞ்சின் 1800 சுற்றில் ஓடுவதால் உரசல் கூடி மணிச்செலவும் கூடும். உங்கள் பத்தியைப் படியுங்கள். கடைசியாக, ஷீட் எண்கள் சோதனைக்கூடச் சூழலுக்கானவை. ஐஎஸ்ஓ 3046 தரநிலைப்படி 25 டிகிரி வெப்பம், 100 கிலோபாஸ்கல் காற்றழுத்தம் என்று வைத்து அளப்பார்கள். அதிலும் சொன்ன அளவைவிட 5 சதவீதம் கூடினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. அதனால் ஷீட்டிலிருந்து வந்த எந்தக் கணக்கின் மேலும் 5 சதவீதத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுவேன்.

யூனிட்டை எப்படி எடுப்பது? ஜெனரேட்டர் பேனலில் யூனிட் மீட்டர் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆரம்ப ரீடிங், கடைசி ரீடிங், கழித்தால் முடிந்தது. மீட்டர் இல்லாமல் ஆம்பியர் மட்டும் இருந்தால் கவனமாக இருங்கள். மூன்று ஃபேஸுக்குக் கிலோவாட் என்பது 1.732 × வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர் ÷ 1000. பவர் ஃபேக்டர் என்பது இழுக்கும் கேவிஏ-வில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு; அதை விட்டுவிட்டுப் பெருக்கினால் வருவது கேவிஏ. 400 வோல்ட், 60 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 33 கிலோவாட். அதே 60 ஆம்பியர், சும்மா சுற்றும் மோட்டார்கள் இழுப்பதாக இருந்து பவர் ஃபேக்டர் 0.5 என்றால் 21 கிலோவாட்தான். எஞ்சின் டீசல் குடிப்பது கிலோவாட்டுக்கு, கேவிஏ-வுக்கு அல்ல. ஆம்பியரை மட்டும் பார்த்து லோடைச் சொல்கிறவர்கள் இங்கேதான் மூன்றில் ஒரு பங்கு தவறுகிறார்கள். ஒரு யூனிட் மீட்டர் மாட்டிவிடுங்கள், பல வாக்குவாதங்கள் மிச்சம்.

மணியைப் பொறுத்தவரை, எஞ்சின் சுற்றிய எல்லா நேரமும் மணிதான். ஸ்டார்ட் செய்து சூடாகும் ஐந்து நிமிடம், நிறுத்துவதற்கு முன் ஆறவைக்கும் ஐந்து நிமிடம், வாராவாரம் சோதனைக்காக ஓட்டும் அரைமணி எல்லாம் சேரும். லோடு போட்ட நேரத்தை மட்டும் எழுதி வைப்பது பழக்கமாக இருந்தால், எஞ்சினிலேயே இருக்கும் மணி மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

"லோடு திடீரென்று ஏறி இறங்குகிறதே, பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கருப்புப் புகை தள்ளுகிறதே, அதற்கு எவ்வளவு சேர்ப்பது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும்போது இழுப்பதைப் போல ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும்; ஆனால் சில நொடிகளுக்குத்தான். எஞ்சின் அந்த 10 நொடியும் முழு லோடு டீசலே குடித்தாலும் 0.06 லிட்டர். நாளுக்கு இருபது தடவை என்றாலும் ஒன்றேகால் லிட்டரைத் தாண்டாது, அதிலும் ஒரு பகுதி எப்படியும் யூனிட் மீட்டரில் ஏறிவிடும். புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெல்டிங், லிஃப்ட், கிரேன் என்று நிமிடத்துக்கு நிமிடம் லோடு குதிக்கும் இடமாக இருந்தால் மட்டும் மொத்தத்தில் மூன்று, நான்கு சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு உண்மையிலேயே கைவிடும் இடங்கள் வேறு. லோடுக்கு ஏற்றபடி எஞ்சின் வேகத்தையே மாற்றும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டருக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அங்கே மணிச்செலவே லோடோடு சேர்ந்து ஏறி இறங்கும். இரண்டு மூன்று ஜெனரேட்டர்கள் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மணி, தனித்தனி யூனிட் வேண்டும். ரொம்பக் குறைந்த லோடிலேயே மாதக்கணக்கில் ஓடிய எஞ்சினும் கோட்டை விட்டு விலகும். 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்ட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: சிலிண்டர் போதுமான அளவு சூடாவதில்லை, எரியாத டீசலும் கரியும் சேர்ந்து சைலன்சர் வாயில் கருப்பு எண்ணெயாக வடியும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனையில் கரி பிடிக்கும். அப்புறம் எல்லா லோடிலும் கூடுதலாகக் குடிக்க ஆரம்பிக்கும்.

மணிச்செலவு, யூனிட் செலவு என்று பிரித்துப் பார்ப்பதன் பெரிய பலன், எதைச் செய்தால் எவ்வளவு மிச்சம் என்பது துல்லியமாகத் தெரிவது. நாம் பார்த்த நாளில் 578 யூனிட்டுக்கு 196 லிட்டர். சராசரியாக யூனிட்டுக்கு 0.34. சோலார் பேனல் போட்டு 100 யூனிட் குறைத்தால் 34 லிட்டர் மிச்சமாகும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். ஆகாது. எஞ்சின் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்வரை மணிச்செலவு அப்படியே நிற்கும். குறைவது யூனிட் செலவு மட்டும்தான், 24 லிட்டர். 10 லிட்டர் வித்தியாசத்தை நம்பி முதலீடு செய்தவர்கள் பின்னால் ஏமாற்றப்பட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் யாரும் ஏமாற்றவில்லை.

மணிச்செலவைக் குறைக்க இரண்டே வழிகள்: எஞ்சினை நிறுத்துவது, அல்லது சின்ன எஞ்சினுக்கு மாறுவது. அதே நாளில் லோடு 12, 8 கிலோவாட் என்று குறைந்திருக்கும் 16 மணி நேரத்துக்கும் சேர்த்து 168 யூனிட்தான் தேவை. பெரிய ஜெனரேட்டர் அதற்கு 78.7 லிட்டர் குடிக்கிறது. 20 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று, மணிச்செலவு 0.9, யூனிட் செலவு 0.27 என்று வைத்துக்கொண்டால், 14.4 + 45.4, அதாவது 60 லிட்டரில் அதே வேலை முடியும். கவனியுங்கள், சின்ன எஞ்சினின் யூனிட் செலவு பெரியதைவிட அதிகம். அப்படியும் நாளுக்கு 19 லிட்டர் மிச்சம், பெரிய எஞ்சின் கரி பிடிப்பதும் நிற்கும். ஆனால் அந்த லோடு 12-க்குப் பதில் 18, 19 கிலோவாட் என்று இருந்தால் இந்த லாபம் கொஞ்சம் சுருங்கும். அதையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டேங்கில் அளப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். படுக்கை உருளை டேங்க் என்றால் ஒரு சென்டிமீட்டர் எல்லா உயரத்திலும் ஒரே அளவு அல்ல. 1 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீளம் உள்ள டேங்கில் நடு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் 20 லிட்டர். அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் அதே ஒரு சென்டிமீட்டர் 12 லிட்டர்தான். சென்டிமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று ஒரே எண்ணை வைத்துக்கொண்டு அளந்தால், டேங்க் பாதியாக இருக்கும் வாரம் ஒரு கணக்கும் காலியாகும் வாரம் வேறு கணக்கும் வரும். பைப்பில் ஃப்ளோ மீட்டர் மாட்டுகிறவர்கள் ரிட்டர்ன் லைனை மறந்துவிடக் கூடாது. எஞ்சினுக்குப் போகும் டீசலில் ஒரு பகுதி எரியாமல் டேங்குக்கே திரும்பி வருகிறது. போவதிலிருந்து வருவதைக் கழித்தால்தான் எரிந்தது தெரியும். திரும்பி வருவது சூடாக வேறு இருக்கும். டீசல் 25 டிகிரி சூடேறினால் கன அளவு 2 சதவீதம் கூடும். குறைந்த லோடில் எரிவது கொஞ்சம், திரும்புவது நிறைய என்பதால் இந்த 2 சதவீதமே கணக்கைப் புரட்டிப்போடும்.

ஒரு மாதம் விடாமல் எழுதினால் நோட்டே உங்களுக்கு எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும். ஒவ்வொரு தடவை டீசல் நிரப்பும்போதும் மூன்று எண்கள்: மணி மீட்டர், யூனிட் மீட்டர், ஊற்றிய லிட்டர். லிட்டரையும் யூனிட்டையும் மணியால் வகுத்து, கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வையுங்கள். பத்து, பதினைந்து புள்ளிகள் சேர்ந்ததும் கோடு கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு, புள்ளிகள் லோடு கூடக்கூடக் கோட்டை விட்டு மேலே விலகினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அப்புறம் இன்ஜெக்டர், டர்போ. எல்லா லோடிலும் ஒரே அளவு மேலே நகர்ந்திருந்தால், எஞ்சின் சுற்றும் நேரமெல்லாம் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஏதோ ஒன்று கூடுதலாக உரசுகிறது. மற்ற எல்லாம் கோட்டில் இருக்க, ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் அங்கங்கே மேலே நின்றால் அந்தத் தேதிகளில் என்ன நடந்தது என்று கேட்கலாம். அதையும் அளவு கேனைச் சரிபார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, எவ்வளவு டீசல் இருப்பு வைப்பது என்பதையும் இதிலிருந்தே எடுக்கலாம். நாளுக்கு 196 லிட்டர் என்றால் மூன்று நாளுக்கு 589. ஷீட்டிலிருந்து எடுத்த எண் என்பதால் 5 சதவீதம் சேர்த்தால் 618. லோடு கணிப்பு தப்பினால் என்று இன்னும் 10 சதவீதம்: 680 லிட்டர். இதற்கு மேல், டேங்கில் உறிஞ்சும் குழாய் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதற்குக் கீழே இருக்கும் டீசலைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். அந்த டீசல் டேங்கில் இருக்கும், எஞ்சினுக்கு எட்டாது. உங்கள் ஜெனரேட்டரின் இரண்டு ஓட்டச் சோதனை எண்கள் கையில் வந்ததும் முதலில் அந்த 5 சதவீதத்தை எடுத்துவிடலாம். அளந்த எண்ணுக்கு அது தேவையில்லை.